சித்தப்பாவின் எண்ணெய்க் கை

புரோகிராம் எழுத நான் வைத்திருக்கும் எடிட்டரின் பெயர் விம். முதல்முதலில் இதைக் கேட்டபோது எங்கள் அம்மா கோமதியம்மாள், பாத்திரம் தேய்க்கிறதுக்கும் அதே பெயர்தானே என்றாள். அவளாவது அத்தோடு விட்டாள். சென்னையில் இருக்கும் என் டீம் லீடர் பெஞ்சமின் இன்றுவரை விடவில்லை.

என் பெயர் சங்கரேஸ்வரி. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே மேலகரத்தில் எங்கள் வீடு. மாடியில் ஒரு அறை, அதில் ஒரு மேசை, மேசையில் என் சொந்த லேப்டாப், அதில் டெபியன் லினக்ஸ் என்ற இலவச சிஸ்டம். கம்பெனி சென்னையில். ஆலைகளிலும் கல்குவாரிகளிலும் லாரியை மேலேற்றி எடை போடுவார்களே, அந்த எடைமேடைக்கான மென்பொருளை நாங்கள் செய்கிறோம். ஒவ்வொரு எடைமேடைக்குப் பக்கத்திலும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி இருக்கும். அதற்குத் திரையும் கிடையாது, மவுஸும் கிடையாது. கோளாறு என்று ஃபோன் வந்தால் நான் இங்கிருந்தபடியே நெட் வழியாக அதற்குள் நுழைந்து, ஃபைலைத் திறந்து, திருத்தி, மூடிவிட்டு வருவேன். அந்தப் பெட்டிக்குள் இருக்கிற ஒரே எடிட்டர் விம். வீட்டிலும் அதையே வைத்துக்கொண்டால் கை குழம்பாது. ஒரு மனுஷிக்கு இதைவிட என்ன காரணம் வேண்டும்?

பெஞ்சமினுக்கு வேண்டியது காரணமல்ல, ஒழுங்கு. டீமில் எல்லோருக்கும் ஒரே எடிட்டர், கம்பெனி கொடுக்கும் ஒரே மாதிரி லேப்டாப், எல்லோர் திரையும் ஒரே நிறம். அந்தப் பொது எடிட்டரை நானும் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தேன். நல்லதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் ஒரு சொல்லை அடிக்க ஆரம்பிப்பதற்குள் அது மீதியை அடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தது. பக்கத்தில் உட்கார்ந்து நம் வாயில் வார்த்தையைப் போடுகிற சொந்தக்காரர்கள் எனக்கு ஏற்கெனவே நிறைய இருக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வேண்டாம் என்று சொன்ன இன்னொருத்தி சஃப்ரின். கடையநல்லூரில் வீடு, கைக்குழந்தைக்காரி, அவளும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். அவள் வைத்திருப்பது ஈமேக்ஸ் என்ற வேறொரு எடிட்டர். விம் பெரிதா ஈமேக்ஸ் பெரிதா என்று எங்களுக்குள் நடக்கும் சண்டையைக் கேட்டால் இரண்டு குடும்பத்துக்கு நடுவில் வாய்க்கால் தகராறு என்று நினைப்பீர்கள். ஆனால் பெஞ்சமின் வந்துவிட்டால் நாங்கள் ஒரே கட்சி. கடைசியில் அவர் எங்கள் இருவருக்கும் ஒரு சலுகை கொடுத்தார். சொந்த லேப்டாப், சொந்த எடிட்டர், சொந்த வீடு. அதற்கு இரண்டு நிபந்தனை. எங்கள் எடிட்டரால் ஒரு வேலை கெட்டால் இருவரும் பொது எடிட்டருக்கு மாற வேண்டும். லேப்டாப்பை வெளியாள் யாராவது தொட்டால், தொடவிட்டவள் மூட்டையைக் கட்டிக்கொண்டு சென்னை ஆபீஸுக்கு வந்துவிட வேண்டும்.

சலுகை என்ற சொல்லே எனக்கு ஆகாது. ஒழுங்காக வேலை செய்கிறவளுக்கு எதற்குச் சலுகை? இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

இனி குற்றால சீசனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மற்ற மாதங்களில் எங்கள் வீட்டுக்கு வழி மறந்துபோகிற சொந்தக்காரர்களுக்கு, ஆனி மாதம் சாரல் விழுந்ததும் எல்லா வழியும் ஞாபகம் வந்துவிடும். அதில் முதல் ஆள் சிவனணைந்தபெருமாள் சித்தப்பா. கோவில்பட்டியில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, சித்தியோடும் செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் ஒரு கேனோடும் வந்து இறங்குவார். அருவிக்கரையில் எண்ணெய், சோப்பு எதுவும் கூடாது என்று தடை வந்த பிறகு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். வீட்டிலேயே உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை தேய்த்து, நன்றாக ஊறவைத்து, கார் சீட்டில் உரச்சாக்கை விரித்து உட்கார்ந்து அப்படியே அருவிக்குப் போவார். தடை அங்கே தேய்ப்பதற்குத்தான், தேய்த்துக்கொண்டு வருவதற்கு இல்லை என்பது அவர் கட்சி.

கிளம்புவதற்கு முன்னால் அவருக்கு ஒரு கவலை இருக்கும், தண்ணீர் எப்படி விழுகிறது என்று. மெயின் அருவியில் முன்னால் கட்டியிருக்கும் ஆர்ச்சைத் தாண்டிக் கொட்டினால் போலீஸ் யாரையும் குளிக்க விடாது. அதனால் அன்றைக்கு யாராவது எடுத்துப் போட்ட வீடியோவை முழுத் திரையில் ஓடவிட்டு, தண்ணீரின் நிறத்தையும் கனத்தையும் பார்த்துத் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் எண்ணெய்க் கோஷ்டி காரில் ஏறும்.

அந்த வியாழக்கிழமை காலை நான் வேலையில் இருந்தபோது சாரல் பிடித்துக்கொண்டது. மொட்டைமாடியில் அத்தனை பேர் துண்டும் வேட்டியும் காய்ந்துகொண்டிருந்தன. லேப்டாப்பை அப்படியே திறந்து போட்டுவிட்டு ஓடினேன். துணிகளை அள்ளி மடித்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது மவுஸ் கையில் வழுக்கியது. காலையில் தின்ற வடையின் பிசுக்கு என்று நினைத்துத் துப்பட்டாவால் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

மத்தியானம் நெல்லூர்ப் பக்கத்து அரிசி ஆலையிலிருந்து ஃபோன். எடைமேடையில் புதிதாக ஒரு கருவி மாட்டியிருக்கிறார்கள், அதற்கேற்ப ஃபைலில் சில வரிகளை மாற்ற வேண்டும். ஆலை ஆள் படம் அனுப்பி அனுப்பிச் சொல்ல, கண்ணை ஃபோனிலும் கையைக் கீபோர்டிலும் வைத்து நான் மாற்றிக்கொண்டே வந்தேன்.

இங்கே விம்மின் குணத்தைச் சொல்லாவிட்டால் நடந்தது புரியாது. அதில் கீபோர்டுக்கு இரண்டு நிலை உண்டு. எழுதும் நிலையில் ஜே என்ற பட்டனைத் தட்டினால் அந்த எழுத்து ஃபைலில் விழும். எஸ்கேப் பட்டனை ஒரு தட்டுத் தட்டிவிட்டால் எழுதும் நிலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஜே தட்டினால் எழுத்து விழாது, அடுத்த வரிக்கு இறங்கும். நான் ஒரு வரியை எழுதி முடித்தேன், எஸ்கேப் தட்டினேன், ஜே ஜே என்று இறங்கப் பார்த்தேன். இறங்கவில்லை. நெட் மெதுவாக இருக்கிறதாக்கும் என்று இன்னொரு தடவை எஸ்கேப், இன்னொரு தடவை ஜே ஜே. இறங்கியது. மீதியை முடித்துச் சேமித்துவிட்டு வெளியே வந்தேன். முதல் தடவை எஸ்கேப் வேலை செய்யவே இல்லை என்பதும், அந்த இரண்டு எழுத்தும் வரியின் கடைசியில் ஒட்டிக்கொண்டு நின்றன என்பதும் எனக்குத் தெரியாது.

எடைமேடை இயங்கவே இல்லை. புதுக் கருவிதான் தகராறு என்று அதை நோண்டிக்கொண்டிருந்துவிட்டு, பிறகுதான் ஃபைலைத் திறந்து அந்த எழுத்துகளைப் பார்த்தேன். அழித்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் அதற்குள் நெல் லாரிகள் மெயின் ரோடு வரை நின்றுவிட்டன. ஆலை முதலாளி நேராகக் கம்பெனியின் மேனேஜர் தில்லைநாயகத்தைப் பிடித்துக் கத்திவிட்டார்.

சாயங்காலம் பெஞ்சமின் கூப்பிட்டார். அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு எரிச்சல். எழுதச் சொல்கிறார்களா, நகரச் சொல்கிறார்களா என்று தெரியாத எடிட்டரை இந்தக் காலத்தில் யார் வைத்திருப்பார்கள் என்று பொறுமையாகக் கேட்டார். திங்கட்கிழமை மீட்டிங்கில் தில்லைநாயகம் இருப்பார், காரணத்தோடு வாருங்கள் என்றார். காரணம் என்னவென்று அவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது குரலிலேயே தெரிந்தது.

வெள்ளிக்கிழமை முழுக்கத் தேடினேன். எஸ்கேப் சில நேரம் கேட்கிறது, சில நேரம் கேட்கவில்லை. முதலில் என்மேல் சந்தேகம். விம்முக்கு நான் வருஷக்கணக்காக எழுதிச் சேர்த்த அமைப்புகளையெல்லாம் ஓரமாக எடுத்து வைத்துவிட்டு வெறும் விம்மைத் திறந்தேன். அதே கதை. அடுத்து, ஒரே திரையைப் பல ஜன்னலாகப் பிரித்துக் காட்டும் ஒரு புரோகிராம் வைத்திருக்கிறேன், எஸ்கேப்பை வாங்கிக் கொஞ்சம் யோசித்துவிட்டு அனுப்பும் கெட்ட பழக்கம் அதற்கு உண்டு. யோசிக்காதே என்று ஒரு வரி எழுதினேன். அதே கதை. போன வாரம் சிஸ்டத்தை அப்டேட் செய்தது ஞாபகம் வந்தது. சிஸ்டத்தின் அடிப்பாகமான கெர்னலைப் பழையதாக மாற்றி ஏற்றிப் பார்த்தேன். அதற்கும் அசையவில்லை. லினக்ஸில் இது ஒரு சுகம், எந்தக் கதவையும் திறந்து உள்ளே பார்க்கலாம். கஷ்டமும் அதுதான், எல்லாக் கதவையும் நாமே திறக்க வேண்டும்.

சஃப்ரினுக்கு ஃபோன் போட்டேன். பேசாமல் ஈமேக்ஸுக்கு வந்துவிடு என்று சிரித்துவிட்டு, பிறகு ஒன்று கேட்டாள்.

"ஏட்டி, விம்ம விடு. எஸ்கேப்ப அமுக்குனா அது மொதல்ல சிஸ்டத்துக்கு வந்து சேருதான்னு பாத்தியா?"

பார்க்கவில்லை. ஒவ்வொரு பட்டனையும் அமுக்க அமுக்கப் பெயரைத் திரையில் எழுதிக் காட்டும் சின்னப் புரோகிராம் ஒன்று இருக்கிறது. அதை ஓடவிட்டேன். மற்ற எல்லாப் பட்டனும் ஒழுங்காக ஆஜர் சொன்னது. எஸ்கேப்பை அமுக்கினேன், வந்தது. மறுபடி அமுக்கினேன், வரவில்லை. மறுபடி, வரவில்லை. விம்முக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பட்டனே செத்துக்கொண்டிருந்தது.

ஹேர்பின்னால் நெம்பி அந்தப் பட்டனைக் கழற்றினேன். கீழே மினுமினு என்று இருந்தது. விரலால் தொட்டு மூக்கில் வைத்தேன். நல்லெண்ணெய், அதுவும் செக்கெண்ணெய். வழுக்கிய மவுஸும் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது.

சித்தப்பா கீழே புரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். கேட்டதும் மறைக்கவில்லை, அவருக்கு மறைக்க என்ன இருக்கிறது. வியாழக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்டு தண்ணீர் நிலவரம் பார்க்க மாடிக்கு வந்தாராம். லேப்டாப் திறந்து கிடந்ததாம். வீடியோ முழுத் திரையில் ஓடியதாம். பிறகு அதை விட்டு வெளியே வர மூலையில் உள்ள பட்டனைப் பலமாக நாலு அமுக்கு அமுக்கினாராம். கையில்தான் ஃபோன் இருந்திருக்குமே, அதில் பார்த்தால் என்ன என்று கேட்டேன்.

"ஏளா, அது புது ஃபோன்லா. எண்ணெய்க் கையோட அதப் போயி தொட முடியுமா?"

சித்தி சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். பாத்திரம் தேய்க்கிற விம் போட்டுத் துடைத்தால் எண்ணெய் போய்விடும் என்று சித்தப்பா யோசனை வேறு சொன்னார். நான் சிரிக்கவில்லை. மாடிக்கு வந்து, யாருக்கும் உதவாத கேப்ஸ்லாக் பட்டனை எஸ்கேப்பாக மாற்றி ஒரு வரி எழுதினேன். லினக்ஸில் அதற்கு ஒரு வரி போதும். அதற்குப் பிறகு விம் ஒரு தடவைகூடப் பிசகவில்லை. ஆனால் வேலை கெட்ட காரணத்தைத் திங்கட்கிழமை சொல்ல வேண்டுமே. அதைச் சொன்னால் வெளியாள் தொட்டதாகிவிடும். எனக்குச் சென்னை.

சென்னைமேல் எனக்கு ஒரு பகையும் இல்லை. அங்கே இருந்து பார்த்திருக்கிறேன், நல்ல ஊர்தான். ஆனால் எனக்கு இங்கே இருக்கப் பிடிக்கிறது, அவ்வளவுதான். இதைச் சொன்னால் ஒருத்தரும் நம்புவதில்லை. ஒரு பெண் வேலையை வைத்துக்கொண்டு சொந்த ஊரில் இருக்கிறாள் என்றால் வீட்டில் யாருக்காவது சீக்காக இருக்க வேண்டும், இல்லை கல்யாணம் நிச்சயமாகியிருக்க வேண்டும். சும்மா பிடித்து இருக்கிறேன் என்றால் என்னமோ மறைக்கிறாள் என்று பார்க்கிறார்கள்.

சனிக்கிழமை பெஞ்சமினைக் கூப்பிட்டு உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவருக்கு ஊர் தெற்கே எங்கள் பக்கத்து நாசரேத். ஆபீஸில் முழுக்க இங்கிலீஷும் மெட்ராஸ் தமிழும்தான். அன்றைக்குத்தான் முதல்முதலாக அவர் வாயில் எங்கள் பக்கத்துப் பேச்சைக் கேட்டேன்.

"சங்கரி, இத எங்கிட்ட சொன்னதோட வச்சுக்கிடுங்க. திங்கக்கிழம எடிட்டர் கோளாறுன்னு மட்டும் சொல்லுங்க. நான் கம்பெனி லேப்டாப் அனுப்பி வைக்கேன். நீங்க வீட்ட விட்டு எங்கயும் போவாண்டாம்."

அவர் கெட்டவர் இல்லை. என்னை இழக்க அவருக்கு விருப்பமில்லை, பொது எடிட்டரை எல்லோர் தலையிலும் கட்டவும் விருப்பம், இரண்டும் ஒரே பொய்யில் நடந்துவிடும். நான் யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றேனே என்று என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

சஃப்ரினிடம் சொன்னேன். அவள் சண்டைக்காரி, உடனே எகிறுவாள் என்று நினைத்தேன். ஆனால் அவள், சலுகையையே எடுத்துவிட்டால் பிள்ளையை வைத்துக்கொண்டு தன்னால் சென்னைக்குப் போக முடியாது, ஈமேக்ஸ்தான் போகும் என்றால் போகட்டும், தாங்கிக்கொள்வேன், நீ உன் இஷ்டப்படி செய் என்றாள். ஈமேக்ஸுக்காக என்னோடு அத்தனை சண்டை போட்டவள் அதைச் சொன்னபோது அவள் குரல் இறங்கியிருந்தது. அது எனக்குப் பொறுக்கவில்லை.

உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றதும் வீட்டில் ஒருத்தரும் என் பக்கம் இல்லை. சித்தப்பா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, தன் பெயரை நான் சந்தி சிரிக்க வைக்கப் போவதாகச் சொன்னார். சித்தி அவருக்குப் பின்பாட்டு. அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"ஒரு சாஃப்ட்வேர் மேல பழியப் போட்டா அது என்ன அழவா போவுது?"

அழாதுதான். அதனால்தான் எனக்கு ஆத்திரமே. எங்கெங்கோ இருக்கிற மனிதர்கள் தங்கள் நேரத்தைக் கொடுத்து, வருஷக்கணக்காகத் திருத்தித் திருத்தி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வைத்துவிட்டுப் போன சாமான் அது. அவர்களில் ஒருத்தருக்கும் என்னைத் தெரியாது, மேலகரத்தையும் தெரியாது. திங்கட்கிழமை மீட்டிங்கில் அதற்காகப் பேச ஒரு ஆள் வரப்போவதில்லை. அங்கே அதற்கு இருக்கிற ஆள் நான் ஒருத்திதான். நானும் கையை விரித்தால் பிறகு அதைக் குத்தம் சொல்ல எவனுக்கும் வசதியாகிவிடும். சோறு போட்ட பாத்திரத்தை நானே சாக்கடையில் எறிவேனா?

திங்கட்கிழமை காலை கீழே எண்ணெய்க் கோஷ்டி தயாராகிக்கொண்டிருந்தது. சீசன் கூட்டம் என்றாலே ஒதுங்கிக்கொள்ளும் அம்மாவும் அன்றைக்குச் சித்தி இழுத்த இழுப்பில் தலையில் எண்ணெய் வைத்துவிட்டாள். நான் மேலே மீட்டிங்கைத் திறந்தேன். டீம் முழுக்க இருந்தது. தில்லைநாயகம் நடுவில் இருந்தார். ஓரத்துக் கட்டத்தில் சஃப்ரின், தோளில் பிள்ளை.

பெஞ்சமின் எனக்கு வழி போட்டுக் கொடுக்கிற மாதிரி ஆரம்பித்தார். எடிட்டர் பழையது, இப்படி நடப்பது சகஜம்தான், இல்லையா சங்கரி என்றார். ஆமாம் என்ற ஒரு சொல்தான் பாக்கி. நான் லேப்டாப்பிலிருந்து கழற்றி வைத்திருந்த எஸ்கேப் பட்டனை எடுத்துக் கேமராவுக்கு முன்னால் பிடித்தேன்.

"எடிட்டர்ல ஒரு கோளாறும் இல்ல சார். இந்தப் பட்டனுக்குள்ள எண்ணெய் போயிருக்கு. எங்க சித்தப்பா அருவியில தண்ணி எப்படின்னு பாக்க எண்ணெய்க் கையோட அமுக்கிட்டாங்க. நான் லேப்டாப்ப பூட்டாம போனேன். விம் மேலயும் ஈமேக்ஸ் மேலயும் யாரும் கை வைக்காதீங்க."

யாரோ மைக்கை மூட மறந்து சிரித்தார்கள். தில்லைநாயகம் சிரிக்கவில்லை. நிபந்தனை எனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அப்படியானால் சென்னைக்கு வந்துவிடுங்கள் என்றார்.

"வரமாட்டேன் சார்."

பட்டனை மேசையில் வைத்தேன். காரணம் என்ன என்று அவர் கேட்டார். காரணம் ஒன்றும் இல்லை, எனக்கு இங்கே இருக்க வேண்டும் என்றேன். அப்படியெல்லாம் ஒரு காரணத்தைக் கம்பெனி ஏற்றுக்கொள்ளாது என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பெஞ்சமின் அவசரமாக உள்ளே புகுந்தார்.

"சார், அவங்க அம்மாவுக்கு உடம்பு சரியில்ல. கூச்சப்பட்டுக்கிட்டு சொல்ல மாட்டேங்கறாங்க. மெடிக்கல் காரணம்னு போட்டுக்கலாம்."

நான் அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை. என்னைக் கரையேற்ற அவர் கயிறு வீசுகிறார் என்று புரிந்தது. தில்லைநாயகத்தின் முகம் உடனே இளகிவிட்டது. அப்படியா, முதலிலேயே சொல்லக்கூடாதா என்றார். நான் வாயைத் திறக்கவே வேண்டாம், தலையைக் குனிந்துகொண்டால் போதும். எடிட்டரும் என்னோடு இருக்கும், வீடும் இருக்கும். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. நான் குனிந்திருப்பேனா மாட்டேனா என்று இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

ஏனென்றால் அதற்குள் அம்மா வந்துவிட்டாள். அருவிக்கு வருகிறாயா என்று கேட்க மாடி ஏறி வந்தவள் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். நெற்றியில் எண்ணெய் வழிகிறது. இரண்டு கையையும் தோள் உயரத்துக்குத் தூக்கி வைத்திருக்கிறாள். எதிலும் உரசாமல் பக்கவாட்டில் நகர்ந்து வந்து என் தலைக்கு மேலே கேமராவுக்குள் குனிந்தாள்.

"தம்பி, யாருக்கு ஒடம்பு சரியில்லங்கிய? எனக்கு ஒரு சீக்கும் கிடையாது. நித்தம் இந்த மாடிய எத்தன தடவ ஏறி எறங்குதேன்னு இவகிட்ட கேளுங்க. இவளுக்கு இங்கன இருக்கணும்னு இருக்கு, இருக்கா. அதுக்கு என்னைய எதுக்குப் படுக்கையில போடுதிய?"

அம்மா இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள்.

"நான் எதையும் தொடல. பாத்துக்கிடுங்க."

வந்த மாதிரியே பக்கவாட்டில் நகர்ந்து வெளியே போனாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சனிக்கிழமை, அழவா போவுது என்று கேட்ட அதே அம்மா. பழி தன் தலையில் விழுந்ததும் அவளுக்கு ஒரு நிமிஷம்கூடப் பொறுக்கவில்லை. அவள்மேல் எனக்கு அப்படி ஒரு பெருமை வந்தது. பெஞ்சமின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தில்லைநாயகம், முடிவு மெயிலில் வரும் என்று சொல்லி மீட்டிங்கை முடித்தார். முடிவதற்கு முன்னால் ஓரத்துக் கட்டத்தில் சஃப்ரின் பிள்ளையின் கையைப் பிடித்துக் கேமராவை நோக்கி ஆட்டினாள். அந்தக் கை சற்று முன்னால் அவள் கீபோர்டை நன்றாகத் தட்டிக்கொண்டிருந்ததை நான் மட்டுமா பார்த்திருப்பேன்?

மெயில் மறுநாள் மத்தியானம் வந்தது. இரண்டே விஷயம். வேலை கெட்டதற்குக் காரணம் கீபோர்டு, எடிட்டர் அல்ல, ஆகவே எடிட்டர் அவரவர் விருப்பம். இது முதலாவது. அதைச் சஃப்ரினுக்கு ஃபோனில் வாசித்துக் காட்டினேன். அவள் நன்றி சொல்லாமல், இப்போதாவது ஈமேக்ஸுக்கு வா என்றாள். அவளுக்குக் குரல் திரும்பிவிட்டது என்று தெரிந்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இரண்டாவது எனக்கு. வரும் மாதம் முதல் தேதி சென்னை அலுவலகத்துக்கு வர வேண்டும், வர இயலாவிட்டால் தகுந்த காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

விம்மைத் திறந்து பதிலை அடித்தேன். முடித்ததும் கேப்ஸ்லாக்கைத் தட்டினேன், முதல் தட்டிலேயே கேட்டது. அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே மேலே வந்து, என்ன எழுதியிருக்கிறாய், வாசி என்றாள். வாசித்தேன்.

"வர மாட்டேன். தகுந்த காரணம் எதுவும் இல்லை. எனக்கு இங்கே இருக்கப் பிடித்திருக்கிறது. ஆலைகளுக்கு எப்போதும்போல வேலை பார்ப்பேன். வேண்டாம் என்றால் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்."

அம்மா திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். வேலை போனாலும் போகும் என்பது அவளுக்கும் தெரியும்.

"எனக்குச் சீக்குன்னு எங்கயும் எழுதலேல்லா?"

"எழுதலம்மா."

"அப்பம் அனுப்பு."

அனுப்பினேன்.